ஐம்பது ஓம்

மாதம் ஒருமுறை, ராத்திரி ஷிஃப்டில்,
ஏழு வார்டின் ஏழு டிஃபிப் பெட்டிகளையும்
தள்ளுவண்டியில் அடித்தளத்துக்கு இறக்கி வருவேன்.
நெஞ்சுக்குப் பதிலாக மேஜையில் ஒரு டெஸ்ட் லோடு,
உள்ளே கம்பிச்சுருள், ஐம்பது ஓம்.
தடித்தவர், மெலிந்தவர், பயந்தவர்
எல்லா மார்புக்கும் சேர்த்து யாரோ போட்ட கணக்கு.

இருநூறு ஜூலுக்குத் திருகுகிறேன்.
கொசுவாகத் தொடங்கி விசிலாக ஏறுகிறது சத்தம்.
கெப்பாசிட்டர் நிரம்புகிறது.

ராணிப்பேட்டை பாலிடெக்னிக்கில்
இதையே மெதுவாகப் பார்த்திருக்கிறேன்.
ஆயிரம் மைக்ரோஃபாரட், நாற்பத்தேழு கிலோ ஓம், பன்னிரண்டு வோல்ட்.
மெஹ்ருன்னிசா கையில் ஸ்டாப்வாட்ச்,
என் கண்ணில் முள்.
நாற்பத்தேழாவது நொடியில் ஏழரைக்குச் சற்று மேல்.
அடுத்த நாற்பத்தேழில் பத்தரைக்குச் சற்றுக் கீழ்.
அப்புறம் முள்ளுக்குச் சோம்பல் வந்துவிட்டது.
உள்ளே போனதே வாசலில் நின்று
வருவதைத் தள்ளுகிறது,
காலை எட்டரை பாகாயம் பஸ் மாதிரி.
பன்னிரண்டை அது தொடவே இல்லை.
ஐந்து மடங்கு நேரம் போனால்
நிரம்பிவிட்டதென்று எழுதிக்கொள்ளலாம் என்றார்கள்.
எழுதிக்கொண்டோம்.

இங்கே பொத்தான்தான்.
கண் சிமிட்டி முடிப்பதற்குள் எல்லாம் இறங்கிவிடும்.
மீட்டரில் நூற்றுத் தொண்ணூற்றாறு. பாஸ்.
கம்பிச்சுருள் லேசாக வெதுவெதுக்கிறது, அவ்வளவுதான்.
யாரும் எழுந்து உட்காரவில்லை.

ஐந்தாவது பெட்டி.
போன வியாழன் இதன் பேட்டரியை மாற்றப் போனபோது
கட்டிலில் மால்டாவிலிருந்து வந்த பெரியவர்.
பாபு ராவ் தெரு லாட்ஜ் சாவியை
மகன் விரலில் மாட்டியிருந்தான்.
சார்ஜ் என்றார் டாக்டர் ஜெபக்கனி.
விசில் ஏறியது.
விலகுங்க என்றார்.
கட்டிலைத் தொட்டிருந்த கைகள் எல்லாம் விலகின.
அந்த இடைவெளியில்
திரையில் நெளிந்துகொண்டிருந்த கோடு
நேராகிவிட்டது.

நேர்க்கோட்டுக்கு ஷாக் கிடையாது.
கையால் நெஞ்சை அழுத்தத் தொடங்கினார்கள்.
ஊசி, மறுபடி ஊசி, யாரோ நேரம் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.
பெட்டிக்குள் இருநூறு ஜூல் இருப்பதை
நான் ஒருத்திதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.
கொடுக்காவிட்டால் அது காத்திருக்கும், கொஞ்ச நேரம்.
பிறகு உள்ளே ஒரு ரிலே விழும்,
ஒரு மூலையில் இருக்கும் ரெசிஸ்டர்
அத்தனையையும் வாங்கிச் சூடாக்கிக்கொள்ளும்.

டக்.

மகன் திரும்பி இந்தியில் என்னவோ கேட்டான்.
என்ன சத்தம் என்றிருக்க வேண்டும்.
மெஷின், என்றேன்.
அந்த ஒரு சொல்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பொது.

இன்று அதன் மூடியைக் கழற்ற வேண்டியிருந்தது.
தொடுவதற்கு முன் காலி செய்ய வேண்டும், அது விதி.
இரண்டு முனைக்கும் நடுவே ரெசிஸ்டரை வைத்து
எண்ணினேன். முதலில் சரிவு, பிறகு சறுக்கல்,
பிறகு இறங்குகிறதா நிற்கிறதா என்றே தெரியாத நகர்வு.
மீட்டர் பூஜ்யம் என்றது.

டீக்கு மேலே வந்தேன். மணி மூன்று.
கேட் பக்கத்துச் சுவரில் சாய்ந்தால்
முதுகு சுடுகிறது.
பகல் பூராவும் இந்த ஊர் குடித்த வெயில்.
காகிதப்பட்டறை மலை இருட்டில் நின்று
பாறை பாறையாக விட்டுக்கொண்டிருக்கிறது.
விடிவதற்குள் பாதிக்கு மேல் இறங்கும்,
மீதி இறங்குவதற்குள்
கிழக்கே வந்துவிடுவான்.
அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊர்ச் சுவர்கள்
ஒருநாளும் பூஜ்யம் பார்ப்பதில்லை.

திரும்பி வந்து சும்மா மறுபடி மீட்டரை வைத்தேன்.
நாலு வோல்ட்.

யாரும் சார்ஜ் செய்யவில்லை. பேட்டரி கழற்றிக் கிடக்கிறது.
தகட்டுக்கு நடுவே இருக்கும் பொருள்
ஊறியதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தரும்.
பாடத்தில் இதற்கு ஒரு பாரா உண்டு,
பரீட்சைக்கு வராது என்று விட்டுவிட்டோம்.

நாலு வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது.
ஆனாலும் ஒரு துண்டு ஒயரை எடுத்து
இரண்டு முனையையும் சேர்த்துக் கட்டினேன்,
வேலை முடியும்வரை அவிழாதபடி.

ரிஜிஸ்டரில் குறிப்பு என்ற கட்டத்துக்கு நேரே
பேனா வைத்தேன், எடுத்தேன்.
ஐந்தாம் எண்: பாஸ்.